ஜெர்ரி லாலர் நிஜமாகவே ரெஸ்லரா, கமெண்ட்ரிக்காக உட்கார வைத்த ஆளா?

கேள்வி இதுதான்: டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க ரெஸ்லிங் ஷோ பார்த்த காலத்தில் கமெண்ட்டேட்டர் ஜிம் ராஸ் பக்கத்தில் கிரீடத்தோடு உட்கார்ந்து, வில்லன் என்ன அயோக்கியத்தனம் செய்தாலும் கெக்கேபிக்கே என்று சிரித்துக்கொண்டிருந்த ‘கிங்’ ஜெர்ரி லாலர் உண்மையில் சண்டை போட்டவரா? போட்டவர் என்றால் ஏன் ஒரு பெல்ட்கூட அவர் இடுப்பில் பார்த்ததில்லை? கமெண்ட்ரிக்கு எப்படி வந்தார்?

நியாயமான சந்தேகம்தான். நம்மில் பெரும்பாலோர் அவரைப் பார்க்கத் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. அண்டர்டேக்கர், ராக், ஸ்டோன் கோல்ட் என்று மலை மலையாக ஆட்கள் வந்துபோகிற இடத்தில் ஆறடி உயரமும் சாதாரண உடம்புமாக இருந்த அவர், யாரோ நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர் போலத்தான் தெரிந்தார். ஆனால் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் மெம்ஃபிஸ் என்ற ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த ஊரில் ரெஸ்லிங் என்றாலே லாலர்தான்.

ரெஸ்லராக இருந்தவர் வயதான பிறகு மைக் பிடித்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். லாலர் விஷயத்தில் அது தலைகீழ். ரிங்கில் கால் வைப்பதற்கு முன்பே மைக் பிடித்த ஆள் அவர். அவருடைய மொத்த வாழ்க்கையையும் அந்த வரிசையில் பார்த்தால்தான் புரியும்.

1949 நவம்பர் 29, மெம்ஃபிஸில் பிறந்தார். சிறுவயதில் கொஞ்ச காலம் ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்தார். கிளீவ்லாந்து அணிகள் மேல் அவருக்கு இருந்த பைத்தியம் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். நன்றாகப் படம் வரைவார். மெம்ஃபிஸ் டிவியில் சனிக்கிழமைதோறும் வரும் ரெஸ்லிங் நிகழ்ச்சியைப் பார்த்து, அந்த வீரர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார். நிகழ்ச்சியை நடத்திய லான்ஸ் ரஸ்ஸல் அந்தப் படங்களை டிவியிலேயே காட்டினார். அந்த வட்டாரத்தின் பெரிய நட்சத்திரமான ஜாக்கி ஃபார்கோவின் கண் பையன் மேல் விழுந்தது அப்போதுதான். இன்னொரு பக்கம் லாலர் உள்ளூர் ரேடியோவில் பாட்டுப் போட்டுப் பேசும் வேலையில் இருந்தார். ஒரு சின்ன புரமோட்டரோடு ஒப்பந்தம்: நான் ரேடியோவில் உன் ஷோவுக்கு இலவசமாக விளம்பரம் சொல்கிறேன், நீ எனக்கு இலவசமாக ரெஸ்லிங் கற்றுக்கொடு. ஆக, அவர் கொடுத்த முதல் குருதட்சிணையே பேச்சுதான். 1970இல் ரிங்கில் ஏறினார். 1974 ஜூலையில் குருநாதர் ஃபார்கோவையே தோற்கடித்து அந்த வட்டாரத்தின் முக்கிய பட்டத்தைப் பறித்தார். ‘கிங்’ என்ற பட்டம் அந்தச் சண்டையிலிருந்து வந்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். முதலாளி வின்ஸ் மெக்மேன் கொடுத்தது இல்லை.

அப்போதைய தொழில் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றுபோல ஒரே கம்பெனி நாடு முழுக்க ஷோ போடவில்லை. அமெரிக்காவைப் பல வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு புரமோட்டரும் தன் எல்லைக்குள் தொழில் செய்தார்கள். மெம்ஃபிஸ் வட்டாரம் சின்னது. ஆனால் ஓய்வே கிடையாது. சனிக்கிழமை காலை டிவி ஸ்டுடியோவில் ஒன்றரை மணி நேரம் நேரடி ஒளிபரப்பு. திங்கள்கிழமை இரவு மிட் சவுத் கோலிசியம் அரங்கில் பெரிய ஷோ. செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில் என்று அடுத்தடுத்த ஊர்கள். திரும்பவும் சனிக்கிழமை.

இதில் கஷ்டம் என்னவென்றால், திங்கள்கிழமை அரங்குக்கு வருவது ஒவ்வொரு வாரமும் அதே ஜனங்கள். போன வாரம் டிக்கெட் எடுத்தவரை இந்த வாரமும் எடுக்கவைக்க வேண்டும். அதற்குச் சனிக்கிழமை டிவியில் கிடைக்கும் சில நிமிடப் பேச்சுதான் ஒரே ஆயுதம். எதிரியைப் பற்றி என்ன சொன்னால் ஜனங்களுக்கு ரத்தம் கொதிக்கும், எந்த இடத்தில் நிறுத்தினால் மீதியைப் பார்க்கத் திங்கள்கிழமை வருவார்கள் என்பதை லாலர் இருபது வருஷத்துக்கும் மேலாக வாராவாரம் செய்தார். 1977இல் புரமோட்டர் ஜெர்ரி ஜாரட் தனியாகப் பிரிந்து கம்பெனி தொடங்கியபோது லாலரும் அவர் பக்கம் போனார், பிறகு அதில் பங்குதாரரும் ஆனார். டிக்கெட் விற்கவில்லை என்றால் அவர் பாக்கெட்டில்தான் கை.

ரிங்குக்குள் அவரிடம் வித்தைகள் அதிகம் கிடையாது. பறக்க மாட்டார், யாரையும் அலாக்காகத் தூக்க மாட்டார். குத்து ஒன்று, பைல்டிரைவர் ஒன்று. ஆனால் அந்தக் குத்து இருக்கிறதே, நிஜமாகவே தாடை பெயர்ந்துவிட்டது என்று நம்பவைக்கும் குத்து. பைல்டிரைவர் என்றால் எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தலை தரையில் இறங்கும்படி உட்கார்ந்துவிடுவது. மெம்ஃபிஸில் அது தடைசெய்யப்பட்ட பிடி என்று விதியே வைத்திருந்தார்கள், கதைக்காகத்தான். அதனால் அவர் அதைச் செய்தாலே அரங்கு எழுந்து நிற்கும். அப்புறம் அந்தத் தோள்பட்டை. அடி வாங்கிக்கொண்டே இருப்பார், முட்டிபோட்டுத் தடுமாறுவார், திடீரென்று நிமிர்ந்து தன் உடையின் தோள்வாரை இழுத்துக் கீழே விடுவார். அவ்வளவுதான். இனி வில்லன் காலி என்று கூட்டத்துக்குத் தெரியும். ஒரு துணியைத் தோளிலிருந்து இறக்கிப் பத்தாயிரம் பேரைக் கத்தவைக்க முடிந்தவருக்கு மற்ற வித்தைகள் எதற்கு?

கமெண்ட்ரி என்பது என்ன வேலை செய்கிறது என்பதையும் அவர் மெம்ஃபிஸில் நேரடியாகவே பார்த்தார். 1979இல் மிசிசிப்பி மாநிலத்து டூபெலோவில் இரண்டு பேருக்கு இரண்டு பேர் மோதும் ஒரு டேக் டீம் சண்டை. லாலரும் பில் டண்டியும் தோற்றுவிட்டார்கள், மணி அடித்தாகிவிட்டது; ஆனாலும் நால்வரும் அடித்துக்கொண்டே அரங்கின் தின்பண்டக் கடைக்குள் புகுந்துவிட்டார்கள். கடுகு சாஸ் ஜாடி பறக்கிறது, சாமான்கள் உருள்கின்றன. லான்ஸ் ரஸ்ஸல் கேமராவோடு பின்னாலேயே ஓடி, பதறிய குரலில் நடப்பதைச் சொல்கிறார். இருபது வருஷம் கழித்து டபிள்யூ.டபிள்யூ.எஃப். ‘ஹார்ட்கோர்’ என்று பெயர் வைத்துச் சமையலறையிலும் வாகன நிறுத்தத்திலும் நடத்திய சண்டைகளுக்கெல்லாம் தாத்தா இதுதான். அன்று எதிர்ப்பக்கம் இருந்த வெய்ன் ஃபெரிஸ்தான் பின்னாளில் ஹாங்கி டாங்க் மேன். லாலருக்கு உறவுக்காரரும்கூட.

1981 ஏப்ரலில் நடந்தது இதைவிட விசித்திரம். டெர்ரி ஃபங்க் என்ற ரெஸ்லர் ஒரு புகார் சொன்னார்: மெம்ஃபிஸில் நான் சண்டை போட்டால் கூட்டமும் அதிகாரிகளும் லாலர் பக்கம், எனக்கு நியாயம் கிடைக்காது. ஆளே இல்லாத அரங்கில் வா, பார்க்கலாம். அப்படியே நடந்தது. பதினோராயிரம் பேர் உட்காரும் கோலிசியம் காலி. கேமரா ஒன்று, லான்ஸ் ரஸ்ஸல் ஒருவர். ஃபங்க் கத்துகிற கெட்ட வார்த்தைகள் காலி இருக்கைகளில் மோதி எதிரொலிக்கின்றன. கடைசியில் உடைந்த மரத்துண்டால் லாலரின் கண்ணைக் குத்தப் போய் அது ஃபங்கின் கண்ணிலேயே பாய, அவர் “என் கண்ணு, என் கண்ணு” என்று அலறுவதோடு முடிகிறது. கைதட்டல் இல்லை, விசில் இல்லை. ரஸ்ஸலின் குரல் மட்டும் இல்லாவிட்டால் அது இரண்டு பேர் கிறுக்குத்தனமாகக் கட்டிப்புரண்ட காட்சி, அவ்வளவே. 1999 ஜனவரியில் ராக்கும் மேன்கைண்டும் காலி அரங்கில் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? அந்த யோசனைக்கு மூலம் இதுதான்.

அமெரிக்கா முழுக்க லாலர் பெயர் பரவியது ஆண்டி காஃப்மன் விவகாரத்தால். காஃப்மன் ‘டாக்ஸி’ என்ற டிவி தொடரில் நடித்த காமெடி நடிகர். மேடையில் பெண்களோடு மல்யுத்தம் செய்து, தன்னைச் சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டு, பார்வையாளர்களை எரிச்சல்படுத்துவதையே கலையாக வைத்திருந்தார். நியூயார்க்கில் வின்ஸ் மெக்மேனின் அப்பாவிடம் வாய்ப்புக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். பில் ஆப்டர் என்ற ரெஸ்லிங் பத்திரிகையாளர் லாலரோடு இணைத்துவிட்டார். காஃப்மன் மெம்ஃபிஸ் டிவிக்கு வீடியோ அனுப்பத் தொடங்கினார். சோப்புக் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, “தென்மாநில ஜனங்களே, இதற்குப் பெயர் சோப்பு” என்று பாடம் நடத்தினார். ஊரே கொதித்தது.

1982 ஏப்ரல் 5, கோலிசியத்தில் சண்டை. காஃப்மன் கொஞ்ச நேரம் ஓடிப் பிடித்து விளையாடினார். கையில் கிடைத்ததும் லாலர் பைல்டிரைவர் போட்டார். தடைசெய்யப்பட்ட பிடி என்பதால் அதிகாரப்பூர்வமாக ஜெயித்தவர் காஃப்மன். அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள், கழுத்துப் பட்டையோடு வெளியே வந்தார். ஜூலையில் டேவிட் லெட்டர்மனின் டிவி பேட்டி நிகழ்ச்சியில் இருவரும் சமாதானம் பேச உட்கார்ந்தபோது லாலர் எழுந்து ஓங்கி ஓர் அறை விட்டார். காஃப்மன் நாற்காலியிலிருந்து சரிந்து, எழுந்து, வாய்க்கு வந்தபடி திட்டி, மேசையிலிருந்த காபியை லாலர் மேல் வீசினார். 1984இல் காஃப்மன் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகும் சுமார் பத்து வருஷம் லாலர் வாயே திறக்கவில்லை. இருவரும் சேர்ந்து போட்ட திட்டம், உண்மையில் நண்பர்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. 1999இல் ஜிம் கேரி காஃப்மனாக நடித்த ‘மேன் ஆன் த மூன்’ படத்தில் லாலர் தானாகவே நடித்தார்.

சரி, பெல்ட் விஷயம். வட்டாரப் பட்டங்களைக் கணக்கெடுத்தால் நூறைத் தாண்டும். மெம்ஃபிஸில் பெல்ட் வாரம் ஒரு கை மாறும் என்பதால் அந்த எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கணக்கில் வைக்க வேண்டியது ஒன்று: 1988 மே 9இல் கர்ட் ஹென்னிக்கை மெம்ஃபிஸில் தோற்கடித்து, ஏ.டபிள்யூ.ஏ. என்ற இன்னொரு ரெஸ்லிங் கம்பெனியின் உலக சாம்பியன் ஆனார். இந்த ஹென்னிக்தான் நமக்கு ‘மிஸ்டர் பெர்ஃபெக்ட்’. அதே டிசம்பரில் சிகாகோவில் கெர்ரி வான் எரிக்கையும் ஜெயித்து டெக்சாஸ் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த ஷோவுக்கான பணம் வரவில்லை என்று தகராறு. 1989 ஜனவரியில் ஏ.டபிள்யூ.ஏ. பட்டத்தைப் பறித்ததாக அறிவித்தது. பணம் வராமல் பெல்ட் வராது என்று லாலர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல் மட்டும் ஒரு பட்டமும் ஜெயித்ததில்லை. அங்கே அவர் போனபோது வயது 43.

1992 டிசம்பரில் கமெண்ட்ரிக்குத்தான் எடுத்தார்கள். வட்டாரக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்த நேரம். மெம்ஃபிஸ் மட்டும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது, 1997 வரைக்கும். லாலர் இரண்டு இடத்திலும் வேலை பார்த்தார். இந்த உறவால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: 1993இல் வின்ஸ் மெக்மேன் மெம்ஃபிஸ் டிவியில் ஆணவம் பிடித்த வில்லன் முதலாளியாக வந்து போனார். டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிவியில் அவர் அப்போது வெறும் சிரித்த முகக் கமெண்ட்டேட்டர். ஸ்டோன் கோல்டோடு மோதிய அந்த ‘மிஸ்டர் மெக்மேன்’ ஒத்திகை பார்க்கப்பட்டது லாலர் ஊரில். 1996இல் ஃப்ளெக்ஸ் கவானா என்ற பெயரில் ஒரு பையனைப் பழக்க அங்கே அனுப்பினார்கள். அவர்தான் பின்னாளில் ராக்.

ரிங்கை அவர் முழுதாக விட்டுவிடவும் இல்லை. 1993 கிங் ஆஃப் த ரிங் போட்டியில் ஜெயித்த பிரெட் ஹார்ட்டுக்கு முடிசூட்டும்போது பின்னாலிருந்து வந்து செங்கோலால் அடித்தார். ராஜா நான் ஒருத்தன்தான் என்பது வாதம். இரண்டு வருஷம் இழுத்த பகை. 1995இல் தோற்றவர் ஜெயித்தவரின் காலை முத்தமிட வேண்டும் என்ற போட்டியில் தோற்று, பிரெட்டின் காலுக்கு முத்தம் கொடுத்தார். அந்த வாய் நாற்றத்துக்கு வைத்தியம் பார்க்க ஒரு பல் டாக்டரைக் கொண்டுவந்தார்கள், ஐசக் யாங்கெம் என்று. அந்தப் பல் டாக்டர் வேஷம் போட்டவர்தான் பின்னாளில் கேன் என்ற ரெஸ்லர். மெம்ஃபிஸ் மேயர் தேர்தலில் லாலர் 1999, 2009 என இரண்டு தடவை நின்று இரண்டிலும் தோற்றார். அவருடைய பல் டாக்டரோ 2018இல் அதே டென்னஸியில் நாக்ஸ் கவுண்டிக்கு மேயராகிவிட்டார்.

இப்போது கமெண்ட்ரி. இரண்டு நாற்காலி. ஒருவர் நடப்பதைச் சொல்பவர், நேர்மையானவர். இன்னொருவர் வில்லனுக்கு வக்காலத்து வாங்குபவர். ரெஃபரி பார்க்காத நேரத்தில் வில்லன் நாற்காலியால் அடித்தால், ராஸ் தொண்டை கிழியக் கத்துவார். லாலர், நான் எதையும் பார்க்கவில்லையே என்பார். நமக்கு வருகிற கோபத்தை ராஸ் நம் சார்பில் அவர் மேல் கொட்டுவார். வீட்டில் டிவியோடு சண்டை போட முடியாதவர்களுக்கு இது ஒரு வடிகால். சனிக்கிழமை காலை ஸ்டுடியோவில் மெம்ஃபிஸ் ஜனங்களுக்கு ரத்தம் கொதிக்கவைத்த அதே வேலைதான். நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது.

அவருடைய மகன் பிரையன் கிறிஸ்டஃபர், டூ கூல் ஜோடியில் கண்ணாடி போட்டு ஆடுவாரே, அவர் சண்டையின்போது ராஸ் சீண்டுவார்: இவன் உன் பையன்தானே? லாலர் யார் இவன் என்று சத்தியம் செய்யாத குறையாக மறுப்பார். ஆனால் பையன் ஜெயிக்கும்போது குரலில் ஒரு துள்ளல் தெரியும். பிரையன் 2018இல் 46 வயதில் இறந்துபோனார்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் ரிங்குக்கு வரும்போது லாலர் போட்ட கூச்சலை இன்று கேட்க முடியவில்லை. ‘அந்தக் காலம் அப்படி’ என்பது பாதி பதில்தான். உள்ளே நல்ல சண்டை நடந்துகொண்டிருக்கும்போதும் அந்தப் பெண்களின் உடையைப் பற்றித்தான் பேசினார். கமெண்ட்டேட்டராகவே அது மோசமான வேலை. டென் ஸ்போர்ட்ஸில் பார்த்த காலத்தில் அப்பா உள்ளே வந்தால் ரிமோட்டைத் தேடியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கோமாளித்தனத்தைக் கழற்றி வைத்த இரவும் ஒன்று உண்டு. 1999 மே 23, கான்சஸ் சிட்டி. ரெஸ்லர் ஓவன் ஹார்ட் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்துபோனார். டிவியில் விழுந்த காட்சி வரவில்லை. ராஸ், இது ஷோவின் பகுதி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். லாலர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நேரே ரிங்குக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது ராஜாவும் இல்லை, வில்லனின் வக்கீலும் இல்லை. முகம் வெளிறிய ஒரு சக தொழிலாளி. அதன் பிறகும் ஷோ தொடர்ந்தது, இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நடத்தியிருக்கவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவு இவர்கள் கையில் இல்லை.

2001 பிப்ரவரியில், அதே கம்பெனியில் வேலை செய்த மனைவியை நீக்கியதால் கோபித்துக்கொண்டு வெளியேறினார். நவம்பரில் திரும்பி வந்தார். 2007இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் இடம். 2010இல், சரியாகத் தன் 61வது பிறந்தநாளில், மிஸ் என்ற ரெஸ்லரோடு ஏணிச் சண்டை. உலகப் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்க, சக கமெண்ட்டேட்டர் மைக்கேல் கோல் வந்து கெடுத்தார். அந்தப் பகைதான் 2011இல், கம்பெனியின் வருடாந்தரப் பெரிய ஷோவான ரெஸில்மேனியாவில் கோலோடு சண்டையானது. இத்தனை வருஷத்தில் அவருடைய முதல் ரெஸில்மேனியா ஆட்டம் அது. பில்டப் அருமை, சண்டை சுமார்.

2012 செப்டம்பர் 10, மான்ட்ரியல். அன்றிரவு ராண்டி ஆர்ட்டனோடு ஜோடி சேர்ந்து ஒரு சண்டை போட்டார், 62 வயதில். பிறகு வந்து கோல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், வேறோர் ஆட்டத்தின் நடுவே அப்படியே சரிந்தார். மாரடைப்பு. கோல் கையை உயர்த்தி ஆட்களைக் கூப்பிட்டார். டாக்டர்கள் ஓடிவந்து தூக்கிச் சென்று நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார்கள். மீதி ஷோவுக்குக் கமெண்ட்ரியே இல்லை. இடையிடையே கோல் மட்டும் கேமராவைப் பார்த்து, நடுக்கத்தை அடக்கிக்கொண்டு, இது நாடகம் இல்லை, நிஜம் என்று நிலவரம் சொன்னார். இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 12இல், லாலர் திரும்பி வந்தார். அன்றைக்கே ரெஸ்லர் சி.எம். பங்கும் அவருடைய மேனேஜர் பால் ஹேமனும் அந்த மாரடைப்பை ரிங்கில் நடித்துக் காட்டிக் கேலி செய்தார்கள். பலருக்கு அது அருவருப்பாக இருந்தது. லாலர் வந்த பள்ளிக்கூடத்தில் அது பாடம்தான்: எதுவாக இருந்தாலும் டிக்கெட் விற்கும்.

2018இலும் 2023 பிப்ரவரியிலும் பக்கவாதம் வந்தது, இரண்டாவது கடுமையானது. 2024இல் டபிள்யூ.டபிள்யூ.இ. (பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.தான்) அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மிட் சவுத் கோலிசியமும் 2006லேயே மூடிவிட்டது.

அவரை ரெஸ்லராகப் பார்க்க வேண்டும் என்றால் பிரெட் ஹார்ட் சண்டைகளில் தொடங்காதீர்கள். முதலில் 1981 காலி அரங்குச் சண்டை, அப்புறம் டூபெலோ கடைச் சண்டை. மூன்றாவதாக லெட்டர்மன் நிகழ்ச்சி. அதில் அறைவதற்கு ஒரு நொடி முன்னால் லாலர் எழுந்து நிற்கும் வேகத்தைக் கவனியுங்கள்.